தார்ப்பாய் கட்டாத ஞாயிறு

மார்ச் 1

என் அன்பிற்குரிய அக்காவுக்குத் தம்பி வரைவது.

நானும் அம்மாவும் நலம். அம்மாவின் இடது முழங்கால் மட்டும் நலமில்லை. மழை வருவதற்கு முன்னால் மட்டுமே அது வலிக்கும் என்று இத்தனை ஆண்டுகளாகச் சொல்லிவந்தவர், மேகமே இல்லாத இந்த ஆண்டிலும் வலிக்கிறது என்கிறார். முழங்காலுக்கும் வானத்துக்கும் இருந்த உடன்படிக்கை முறிந்துவிட்டது போலும். மலைக்காற்றில் உன் தொண்டை எப்படி இருக்கிறது?

"போன்ல உன்ன நிறுத்த பொத்தான் இல்லடா. தாள்ல எழுது, வேண்டாத பத்திய நான் தாண்டிப் போய்க்கறேன்" என்று நீ விதித்த சட்டத்துக்குப் பணிந்தே எழுதுகிறேன். இம்மடலில் தாண்டக்கூடிய பத்தி ஒன்றுகூட இல்லை என்பதை முன்கூட்டியே அறிவித்துக்கொள்கிறேன்.

ஏரி வற்றியது. ஏரியை நம்பிய கிணறுகள் வற்றின. குழாயில் தண்ணீர் வரும் நாள்களை மக்கள் வீட்டுச் சுவரில் சுண்ணக்கட்டியால் குறித்து வைக்கிறார்கள். சென்ற மாதம் சுவரில் விழுந்தவை நான்கே கோடுகள். எனக்கு முன்பிருந்த போதகர் கைகளை உயர்த்தினார், மூன்றாம் நாள் மழை கொட்டியது என்பது இங்கே அனைவரும் அறிந்த வரலாறு. நான் வந்து பதினான்கு மாதங்களாகின்றன. சபையின் பொருளாளர் ஞாயிறுதோறும் வாயிலில் என்னை மறிக்கிறார். "பழைய ஐயா கை தூக்குனா மூணாம் நாள் மழை. நீங்க எப்பய்யா தூக்கப் போறீங்க?" என்கிறார்.

தூக்கத்தான் போகிறேன். ஏரிக்கரைத் திடலில், வறண்ட மண்ணின்மேல், சபை முழுவதும் மண்டியிடும் ஒரு மன்றாட்டு நாள்! நாளைக் குறிப்பது ஒன்றே மீதி. நான் பதவியேற்ற ஞாயிறன்று நீ இங்கே வந்தாய், அதன்பின் வரவேயில்லை. இதற்கேனும் வா.

முடிக்கும்முன் ஒரு சிறு செய்தி, பெரிதாக ஒன்றுமில்லை. உங்கள் வானிலை நிலையத்தில் நாள்தோறும் பலூன் விடுகிறீர்களே, அது இந்த மாதத்தைப் பற்றி ஏதேனும் சொல்கிறதா? எந்த வாரம் சற்றே... வெறும் ஆர்வத்தால் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி


மார்ச் 5

ஒலிபெருக்கிக்கு அளவுகோல் எழுதுவது.

அப்பா விளையாட்டாக வைத்த பட்டப்பெயர்கள் நம் இருவருக்கும் தொழிலாகவே ஆகிவிட்டன, பார்த்தாயா?

நான் நலம். தொண்டையும் நலம், உன்னைப்போல் அதை நான் வருத்துவதில்லை. அம்மாவின் முழங்காலுக்கு இரவில் வெந்நீர் ஒத்தடம் கொடு. அம்மா "வேணாம்டா" என்பார். கேட்காதே.

உன் மடலில் ஐந்து பத்திகள் இருந்தன. நான்கைத் தாண்டி, "வெறும் ஆர்வம்" என்ற இடத்துக்கு நேராக வந்தேன். வெறும் ஆர்வத்துக்காக நீ எதையும் கேட்டு நான் கண்டதில்லை. ஐந்து வயதில் "சும்மா கேட்டேன்" என்று சொல்லித்தான் என் மிதிவண்டியைப் பிடுங்கிக்கொண்டாய்.

கேட்டதற்கு விடை: கடலில் ஒரு தாழ்வழுத்தம் உருவாகிக்கொண்டிருக்கிறது. அது இதே போக்கில் வந்தால் பதினான்கிலிருந்து பதினேழாம் தேதிக்குள் உங்கள் பக்கம் மழை பெய்யலாம். பத்தில் ஆறு பங்கு வாய்ப்பு. பத்தில் பத்து அல்ல. வானிலை அறிக்கை காலையில் சுட்ட ரொட்டி போன்றது; அஞ்சலில் உன் கைக்கு வரும்போது பாதி காய்ந்திருக்கும். காய்ந்ததைக் கடித்துவிட்டுப் பல் உடைந்தது என்று என்னைத் திட்டாதே.

நாள்தோறும் விடியலில் பலூனைக் கையிலிருந்து விடும்போது ஒரு வரி மன்றாட்டு சொல்வது என் வழக்கம். எங்கள் பலூன்காரர் நேற்றும் கேட்டார்: "அம்மா, ஜெபம் பண்ணி விட்டாலும் நான் வாயு நிரப்பினாத்தானே மேல போகும்?" நான் சொன்னேன்: "நீங்க நிரப்புங்க, நான் நன்றி சொல்றேன். ரெண்டு வேலைக்கும் ஆள் வேணும்ல?" அவர் சிரித்துக்கொண்டே கயிற்றை அவிழ்த்தார்.

வர இயலாது. வேலை இருக்கிறது.

எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அக்கா


மார்ச் 9

அருமை அக்கா,

நலம், நலமறிய ஆவல். ஒத்தடம் நடைபெறுகிறது. அம்மா என்னைத் திட்டுவதும் அதனோடு சேர்ந்தே நடைபெறுகிறது.

பதினைந்தாம் தேதி, ஞாயிறு. சபையில் அறிவித்துவிட்டேன். அந்த நாளை நான் எவ்வாறு தேர்ந்தேன் என்று எவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. "ஐயாவுக்கு ஆண்டவர் அந்தத் தேதியக் காட்டியிருக்கார்" என்று பாடகர் குழுத் தலைவி எல்லாரிடமும் சொல்லி வருகிறார். நான் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

இன்னொன்று. இனி இதுபற்றித் தொலைபேசியில் அழைக்காதே, அக்கா. வீட்டில் யாரேனும் எடுத்துவிடுவார்கள்.

மழையில் நனையாமல் இரு. இங்கே நாங்கள் நனைய முயல்கிறோம்.

தம்பி


மார்ச் 16

அக்கா! அக்கா! அக்கா!

நலமா என்று கேட்கவும் நேரமில்லை. நலமாகவே இருப்பாய், இருந்தாக வேண்டும், ஏனென்றால் நேற்று மழை பெய்தது!

எழுநூறு பேர் திடலில் மண்டியிட்டோம். வானம் வெளுத்துக் கிடந்தது. நான் தொடங்கியபோது ஓர் இலைகூட அசையவில்லை. என் குரல் ஏரியின் மறுகரையில் முட்டி எனக்கே திரும்பி வந்தது. இரண்டாம் பாடல் முடியும் வேளையில் கிழக்கே ஒரு கருமை. மூன்றாம் பாடலின் நடுவில் முதல் துளி என் திருமறையின்மேல், திறந்திருந்த பக்கத்தின்மேல் விழுந்தது. அடுத்த நொடி வானம் உடைந்தது! கிழவர்கள் ஆடினார்கள். பெண்கள் குடங்களை எடுத்துவர ஓடினார்கள். பாடகர் குழுவின் ஆர்மோனியப் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. இனி அது பாடாது.

தலைக்குமேல் ஒரு தார்ப்பாய்கூட இல்லை, அக்கா! வழக்கமாகத் தார்ப்பாய் கட்டும் ஆளிடம் பொருளாளரே வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். எத்தகைய நம்பிக்கை! மழை வரும், அதில் நனைவோம் என்று முடிவெடுத்தே அந்த மனிதர் திடலுக்கு வந்திருக்கிறார். அதையும் மேடையிலேயே சொல்லி அவரைப் புகழ்ந்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். என்ன பணிவு!

அம்மாவுக்குச் சளி. மற்றபடி அனைவரும் நலம்.

தம்பி


ஏப்ரல் 1

தம்பிக்கு,

உன் மடல் வந்தது. மகிழ்ச்சி. உங்கள் பகுதியில் அன்று பதிவானது நாற்பத்தாறு மில்லிமீட்டர்.

அம்மாவின் சளி எப்படி இருக்கிறது? ஆவி பிடிக்கச் சொல். ஆர்மோனியப் பெட்டியை வெயிலில் வைக்காதே. நிழலில் திறந்து வைத்தால் பிழைக்கலாம்.

இங்கே வேலை மிகுதி. இயக்குநர் சில விளக்கங்கள் கேட்டிருக்கிறார், எழுதிக்கொண்டிருக்கிறேன். பலூன்காரர் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

அக்கா


ஏப்ரல் 24

அக்காவுக்கு,

அம்மாவின் சளி போய்விட்டது. ஆர்மோனியமும் பிழைத்தது, இரண்டு கட்டைகள் மட்டும் ஊமை. நீ நலமா? உன் சென்ற மடல் எட்டே வரி. நானும் மூன்று வாரமாக எழுதவில்லை. எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை.

எனக்கு இப்போது ஒரு பெயர் கிடைத்திருக்கிறது: மழைப் போதகர். கடைத்தெருவில் என்னைக் காணும் வண்டிக்காரர் வண்டியை நிறுத்தி வணங்குகிறார். சபைக்கு வராதவர்களும் வருகிறார்கள். "இந்தக் காலத்துல வானிலை, ராக்கெட்டுன்னு என்னென்னவோ சொல்றாங்க. எங்க ஐயா ஒரு வார்த்த கேட்டார், வானம் தொறந்துச்சு" என்று பொருளாளர் ஊரெல்லாம் பேசுகிறார். அதைக் கேட்கும்போதெல்லாம் என் வயிற்றில் கல் விழுகிறது. என் சட்டைப்பையில் உன் மார்ச் ஐந்தாம் தேதி மடல் இருக்கிறது, அக்கா. அதை எரிக்கவும் மனமில்லை. எவரிடமும் காட்டவும் துணிவில்லை.

ஐந்து ஞாயிறுகளாக மேடையில் என் குரல் எழவில்லை. தொண்டை நோய் என்று சபை நினைக்கிறது. தேன் கொண்டுவந்து தருகிறார்கள். அந்தத் தேனையும் குடிக்கிறேன்.

இனிச் சொல்லப்போவதே பெரிது. முந்தாநாள் பக்கத்து ஊர் உழவர் தலைவர் வந்தார். முந்நூறு குடும்பங்கள். "நீங்க வந்து ஒரு நாள் ஜெபம் பண்ணுங்கய்யா. தேதிய மட்டும் சொல்லுங்க, அதுக்கு முந்தின நாளே வெதச்சிடறோம்" என்றார். காய்ந்த மண்ணில், என் சொல்லை நம்பி! மழை வராவிட்டால் எறும்பும் பறவையும் தின்ற பிறகு மறுவிதைப்புக்கு அவர்களிடம் விதை கிடையாது. "யோசிச்சு சொல்றேங்க" என்றேன். "இதுல யோசிக்க என்னய்யா இருக்கு? போன வாட்டி மாதிரியே ஆண்டவர் கிட்ட கேட்டு சொல்லுங்க" என்று சிரித்தார்.

சென்ற முறை நான் யாரிடம் கேட்டேன் என்பது உனக்குத் தெரியும்.

சூன் மாதத்தில் எந்த வாரம், அக்கா? இந்த ஒரே முறை.

தம்பி


மே 4

தம்பி,

நான் நலம். அம்மா நலமென்று அறிந்து மகிழ்ந்தேன். தேனைக் குடித்தது தவறன்று, தொண்டைக்கு நல்லது.

சூனைப் பற்றிச் சொல்லமாட்டேன். தெரிந்தும் மறைக்கவில்லை. அவ்வளவு தொலைவுக்கு எனக்குத் தெரியாது, எவருக்கும் தெரியாது. முந்நூறு குடும்பத்தின் விதையை என் ஊகத்தின்மேல் தூவ நான் உடன்பட மாட்டேன். உன் மேடையின்மேல் தூவவும் நீ உடன்படக்கூடாது.

உனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று உண்டு: மூன்றரை ஆண்டுப் பஞ்சத்துக்குப் பின் எலியா மலையுச்சியில் மழைக்காக மன்றாடுவது. அதை நீ பேசி நான் நான்கு முறை கேட்டிருக்கிறேன். நீ கைகளை உயர்த்தும்போது கூரை அதிரும். ஆனால் நான்கு முறையும் ஓர் ஆளை விட்டுவிட்டாய். எலியா முழங்கால்களுக்கிடையே முகத்தைப் புதைத்து மன்றாடிக்கொண்டிருக்கும்போதே, "கடல் பக்கம் போய்ப் பார்" என்று தன் பணியாளை அனுப்புகிறார், நினைவிருக்கிறதா? மன்றாடுகிறவருக்கு எதற்குப் பார்வையாளர்? நம்பிக்கைக் குறைவா? இல்லை. வேண்டுவதும் பார்ப்பதும் அதே மலையில், அதே வேளையில் நடக்கின்றன.

அந்த ஆள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஒன்றும் இல்லை" என்கிறான். பஞ்சம் பிடித்த நாட்டில், இறைவாக்கினரின் முகத்துக்கு நேரே! மீண்டும் போகிறான். மீண்டும் "ஒன்றும் இல்லை." ஆறு முறை. எலியா அவன்மேல் சினந்ததாக ஒரு வரி கிடையாது. நாமாக இருந்தால் முதல் முறைக்கே, "உனக்கு விசுவாசம் இல்லை" என்று அவனை வீட்டுக்கு அனுப்பியிருப்போம். ஏழாம் முறை உள்ளங்கை அளவு மேகம் கண்டபோதும் அவன் கண்டதைத்தான் சொன்னான். உள்ளங்கை அளவு என்றான். மலையளவு என்று சொல்லவில்லை.

திருமறை அவனுக்குப் பெயர்கூடத் தரவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளாக நான் செய்துவருவது அவன் வேலைதான். நீ என்னை அனுப்பினாய். போய்ப் பார்த்துச் சொன்னேன். அதில் குற்றம் இல்லை. அனுப்பியதை மறைத்தாய் பார், அங்கேதான் கல் உன் வயிற்றில் விழுந்தது.

எனக்கும் ஒரு சிறு கல் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

உடம்பைக் கவனி.

அக்கா


மே 18

அக்காவுக்கு,

நலம். உண்மையாகவே நலம். இரண்டு மாதங்களில் முதல் முறையாக நேற்று முழுச்சாப்பாடு சாப்பிட்டேன்.

நேற்று ஞாயிறு, மேடை ஏறினேன். உழவர் தலைவரையும் வரச் சொல்லியிருந்தேன். அம்மாவுக்கு அருகில் உட்கார்ந்திருந்தார். உன் மடலைப் பையிலிருந்து எடுத்து, "பதினான்கிலிருந்து பதினேழுக்குள்" என்ற வரியைப் படித்தேன். பிறகு சொன்னேன்: "அந்த நாளை எனக்கு ஆண்டவர் காட்டினார் என்று நீங்கள் நம்பினீர்கள். காட்டியவர் என் அக்கா. மழை வரும் வாரத்தைக் கேட்டறிந்து, அந்த வாரத்தில் மழைக்காகக் கை தூக்கினேன். உங்கள் வணக்கத்தை வாங்கிக்கொண்டேன். உங்கள் தேனையும் குடித்தேன். நான் மழைப் போதகன் அல்லன், மறைத்த போதகன்!"

என்னைப் பணிநீக்கம் செய்யப்போகிறார்கள் என்றே எண்ணினேன். அப்போது பொருளாளர் எழுந்தார். முகம் வெளிறியிருந்தது.

"ஐயா, ஒரு நிமிஷம். நீங்க எந்த அறிக்கையச் சொல்றீங்க?"

"அக்கா எழுதினதுதான். மார்ச் அஞ்சு."

"அது பழசுய்யா! பதிமூணாந்தேதி சாயங்காலம் வானொலியில மாத்திட்டாங்களே. தாழ்வழுத்தம் திரும்பிடுச்சு, வறண்ட வானிலைதான்னு. உங்கக்கா பேரச் சொல்லித்தான் வாசிச்சாங்க."

கையிலிருந்த உன் மடலின் தேதியை மறுபடி பார்த்தேன்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன்.

"எனக்குத் தெரியும்யா. அதக் கேட்டுட்டுத்தான்..." என்று நிறுத்தினார்.

பாடகர் குழுத் தலைவி விடவில்லை. "கேட்டுட்டுத்தான் என்ன? சொல்லுங்க."

"அதக் கேட்டுட்டுத்தான் தார்ப்பாய் வேணாம்னு சொன்னேன். மழையே வராதுன்னு சொல்றாங்களே, எதுக்கு வீணா கட்டணும்னு."

"அடப்பாவி மனுஷா! மழை வேணும்னு எங்களையெல்லாம் முட்டி போட வச்சுட்டு, மழை வராதுன்னு நீங்க நம்பிட்டு வந்தீங்களா? என் ஆர்மோனியம்!"

"நான் முழு மனசோடதாம்மா ஜெபம் பண்ணினேன்! தார்ப்பாய் விஷயத்துல மட்டும் வானொலிய நம்பினேன்."

முதலில் சிரித்தது அம்மா. "ஒருத்தன் மழை வரும்னு கேட்டுட்டு வந்தான். இன்னொருத்தன் வராதுன்னு கேட்டுட்டு வந்தான். ரெண்டும் என் மக சொன்னதுதான். நல்ல திருடனுங்கடா!" என்றார். பிறகு எழுநூறு பேரும் சிரித்தார்கள், அக்கா. பொருளாளர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். நான் புகழ்ந்தபோது அவர் தலை குனிந்ததன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் வயிற்றிலும் இரண்டு மாதமாக ஒரு கல் கிடந்திருக்கிறது.

சிரிப்பு அடங்கியதும் உழவர் தலைவர் எழுந்தார். "அப்ப எங்க வெதை?" என்றார். "காத்திருங்கள். நான் தேதி சொல்லமாட்டேன். வந்து உங்களோடு மண்டியிடுகிறேன்; ஒரு நாள் மட்டும் அல்ல, மழை வரும் வரை. மண் நனைந்த பிறகு விதையுங்கள்" என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "இதப் போன மாசமே சொல்லியிருக்கலாமேய்யா" என்றார். அதைவிடக் கடுமையாக எவரும் என்னைத் திட்டியதில்லை.

இப்போது உன்னைக் கேட்கிறேன். பதின்மூன்றாம் தேதி அறிக்கையை மாற்றினாய். எனக்கேன் சொல்லவில்லை? இன்னொன்றும் கேட்கிறேன். அறிவியல் வராது என்று சொல்லியும் வந்தது என்றால், அது மன்றாட்டால்தானே வந்தது? அடுத்த ஞாயிறு இதைச் சொல்லலாமா?

தம்பி


மே 27

ஒலிபெருக்கி,

நீ முழுச்சாப்பாடு சாப்பிட்டது அறிந்து, நானும் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டேன். நலம்.

சொல்லாதே. அடுத்த ஞாயிறும் சொல்லாதே, அதற்கடுத்த ஞாயிறும் சொல்லாதே.

நடந்ததைக் கேள். பதின்மூன்றாம் தேதி தாழ்வழுத்தம் கடலுக்குள் திரும்பத் தொடங்கியது. மழை வாய்ப்பைப் பத்தில் இரண்டாகக் குறைத்து, வறண்ட வானிலை என்று கையெழுத்திட்டேன். பதினான்காம் தேதி இரவில் அது மீண்டும் வளைந்தது. வளையக்கூடும் என்று நான் கண்டிருக்க வேண்டும், காணவில்லை. இயக்குநர் கேட்ட விளக்கம் இதுதான். இங்கே என்னை இன்றும் "நாற்பத்தாறு மில்லிமீட்டர் வறட்சி" என்றே அழைக்கிறார்கள். பத்தில் இரண்டும் பத்துக்குள்தான் இருக்கிறது, தம்பி. என் பிழையில் உன் ஆண்டவரைக் கொண்டுபோய் மாட்டாதே. நாளை என் கணக்கு சரியாக வந்தால் அவரை எங்கே வைப்பாய்? எனக்குத் தெரியாத இடத்தில் மட்டும் குடியிருப்பவர் என்றால், நான் ஒவ்வொன்றாகக் கற்கக் கற்க அவர் வீடு மாறிக்கொண்டே இருக்க வேண்டும். என் ஆண்டவர் அப்படிப்பட்டவர் அல்லர். மழைக்கு ஒரு நெறியை வகுத்தவர் என்று திருமறையே அவரைச் சொல்கிறது. கடல் எப்படி ஆவியாகிறது, தூசியைச் சுற்றி எப்படித் துளி திரள்கிறது என்று படித்த பிறகுதான், நன்றி சொல்ல எனக்குச் சொற்கள் போதாமற்போயின. அதற்கு முன் "மழைக்கு நன்றி" என்ற ஒரே வரிதான் இருந்தது.

உனக்கேன் சொல்லவில்லை? தொலைபேசியைக் கையில் எடுத்தேன். அழைக்காதே என்று நீ எழுதியதை எனக்கு நானே காரணமாகச் சொல்லிக்கொண்டு வைத்துவிட்டேன். உண்மைக் காரணம் வேறு. சொன்னால் நீ மன்றாட்டு நாளை மாற்றிவிடுவாயோ என்று அஞ்சினேன். மாற்றினால், என் தம்பி வேண்டவில்லை, என் அறிக்கையின் பின்னால் நடக்கிறான் என்று எனக்குத் தெரிந்துவிடும். அதைத் தெரிந்துகொள்ள மனம் வரவில்லை. காண்பதைச் சொல்வதே என் வேலை. அன்று உனக்குச் சொல்லவில்லை. அந்த அளவில் நானும் உன் பொருளாளர் கூட்டம்தான்.

மீதிக் கல்லையும் இறக்கிவிடுகிறேன். பதினைந்தாம் தேதி விடியலில் பலூன் என் கையில் இருந்தது. என் வழக்கமான வரியைச் சொல்லவில்லை. "ஆண்டவரே, இன்று என் அறிக்கையைப் பொய்யாக்கும். என் தம்பி வெட்கப்பட வேண்டாம்" என்றேன். இருபத்திரண்டு ஆண்டுகளில் என் கணக்கு தவற வேண்டும் என்று நான் வேண்டிய ஒரே நாள். பலூன்காரர் என் முகத்தைப் பார்த்து, "என்னம்மா, இன்னைக்கு ஜெபம் நீளமா இருக்கு?" என்றார்.

பெய்தது அதனாலா? தெரியாது. அளக்க என்னிடம் கருவி இல்லை. கருவி இல்லாததை நான் மறுப்பதுமில்லை, அறிக்கையில் எழுதுவதுமில்லை. நன்றி மட்டும் சொன்னேன், நாற்பத்தாறு மில்லிமீட்டருக்கும்.

இத்துடன் ஒரு மழைமானி அனுப்புகிறேன். பழையது, ஆனால் பொய் சொல்லாது. அம்மாவுக்கு முத்தம். முழங்காலைக் கேட்டதாகச் சொல்.

அக்கா


ஆகத்து 3

என் அக்காவுக்கு,

அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் உன் நலம் கேட்கிறது.

உன் மழைமானியைப் பக்கத்து ஊர்த் திடலில் நட்டோம். பாதுகாவலர் யார் தெரியுமா? பொருளாளர்! தானே கேட்டு வாங்கிக்கொண்டார். சூன் ஏழாம் தேதி முதல் ஞாயிறுதோறும் மாலையில் அங்கே கூடுகிறோம். நான் மண்டியிடுகிறேன். அவர் மழைமானியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, அந்த வாரப் பதிவை உரக்கச் சொல்கிறார்.

முதல் வாரம்: "ஒண்ணும் இல்லீங்க." இரண்டாம் வாரம்: "ஒண்ணும் இல்லீங்க." நான்காம் வாரம் கூட்டம் பாதியானது. ஐந்தாம் வாரம் வெளியூர்க்காரர் ஒருவர், "என்ன ஐயா, இப்ப மட்டும் உங்க அக்கா லீவா?" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். ஆறாம் வாரமும் ஒன்றுமில்லை.

ஏழாம் வாரம் திடல் நிரம்பி வழிந்தது! எலியாவின் ஏழாம் முறையை எண்ணி வந்திருந்தார்கள். உண்மையைச் சொன்னால், நானும் எண்ணினேன். பொருளாளர் மழைமானியைத் தூக்கினார். பார்த்தார். கண்ணாடியைத் துடைத்து மீண்டும் பார்த்தார். எழுநூறு பேரின் முகத்துக்கு நேரே, கணீரென்று, "ஒண்ணும் இல்லீங்க!" என்றார்.

அக்கா, அந்த மனிதரை நான் கட்டியணைத்துக்கொண்டேன். முதலில் உழவர் தலைவர் சிரித்தார், பிறகு எல்லாரும். சிரித்தபடியே மீண்டும் மண்டியிட்டோம். எத்தனையோ மேடை ஏறியிருக்கிறேன்; அதைப்போல் ஒரு மன்றாட்டை நான் கேட்டதில்லை. அதில் என் குரல் இல்லை.

மழை எட்டாம் வாரத்தில், ஒரு வியாழனன்று வந்தது. கூட்டம் இல்லை, பாடல் இல்லை. நான் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். பதினொரு மில்லிமீட்டர். மறுநாள் இன்னும் இருபது. உழவர் தலைவர் மண்ணுக்குள் கைவிட்டு மணிக்கட்டு வரை ஈரம் பார்த்த பிறகே விதைத்தார்கள். ஒரு விதையும் வீணாகவில்லை.

அன்றிரவு அம்மாவிடம் கேட்டேன்: "அக்கா ஏம்மா வரவே மாட்டேங்கறா?" அம்மா சொன்னார்: "உனக்கு நெஜமாவே தெரியாதா? நீ பதவியேத்த அன்னிக்கு மேடையில, வானிலைக்காரங்கள, கூலி வாங்கிட்டு வானத்த வெறிக்கறவங்கன்னு கிண்டல் பண்ணினியே. சபையே சிரிச்சுதே. அவ மூணாவது வரிசையில உக்காந்திருந்தாடா."

என் உரைகளிலேயே பெரும் கைத்தட்டல் வாங்கிய வரி அது. நான் நன்றாக நினைவில் வைத்திருக்கிறேன். மூன்றாம் வரிசையை மட்டும் நான் பார்க்கவேயில்லை.

நேற்று, அதே மேடையில், அதே குரலில், பெயரில்லாத அந்தப் பணியாளைப் பற்றிப் பேசினேன். "அவர்கள் வானத்தை வெறிப்பவர்கள் என்று சொன்னேன். நான் என்னையே வெறித்துக்கொண்டிருந்தேன்" என்றேன். கைத்தட்டல் இல்லை. கேட்க வேண்டியவளும் அங்கே இல்லை.

பதினாறாம் தேதி எங்கள் சபைக்கு நன்றி நாள், ஏரிக்கரைத் திடலில். மன்னித்தாய் என்று எழுத வேண்டாம், அக்கா. வா. அது போதும்.

தம்பி


ஆகத்து 8

ஒலிபெருக்கிக்கு,

நலம். இந்த மடலில் ஒரு பத்தியையும் தாண்டவில்லை.

பதினாறாம் தேதி வருகிறேன். பலூன்காரரும் வருகிறார், மன்றாட்டு எத்தனை மில்லிமீட்டர் நீளம் என்று பார்க்க வேண்டுமாம். மூன்றாம் வரிசையில் இரண்டு இடம் போட்டு வை. அம்மாவிடம் சொல், அந்த முழங்காலை நான் நேரில் பார்க்கிறேன்.

வானிலை: உங்கள் பகுதியில் பதினாறாம் தேதி முழுவதும் வறண்ட வானிலை. பத்தில் ஒன்பது பங்கு. கையெழுத்திட்டுத் தருகிறேன்.

பொருளாளரிடம் சொல்லித் தார்ப்பாய் கட்டி வை.

அக்கா